கில்தானை ஓசையில்லாமல் ஓட்டுவது: 1:100 மாதிரிக் கப்பல், ஏழு மாத வேலை

டையூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஐஎன்எஸ் குக்ரியின் மாதிரி நிற்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு, அந்தக் கரைக்கு அப்பால்தான் பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் குக்ரி மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். குக்ரி நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கென்றே கட்டிய கப்பல். அன்றைக்கு அது மெதுவாக ஓடியதற்கு ஒரு காரணம், அதன் சோனாரோடு (நீருக்குள் ஒலியைக் கேட்டு எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவி) இணைத்திருந்த சோதனைக் கருவிக்குக் காது தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது. வேகமாக ஓடினால் தன் இரைச்சலிலேயே காது அடைத்துப் போகும். மெதுவாக ஓடினால் எதிரிக்கு எளிதாகக் குறி கிடைக்கும். கூண்டுக்கு முன்னால் நின்ற அந்த அரை மணி நேரத்தில் இந்தச் சிக்கல்தான் மனதில் பதிந்தது.

ஊர் வந்ததும் ஒரு மாதிரி கட்ட முடிவெடுத்தேன். அலமாரியில் வைக்கிற மாதிரி வேண்டாம். தண்ணீரில் ஓடவும் வேண்டும், ஓடிக்கொண்டே கேட்கவும் வேண்டும். எடுத்துக்கொண்ட கப்பல் ஐஎன்எஸ் கில்தான். நம் கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு வரைந்து, கொல்கத்தாவின் கார்டன் ரீச் கட்டுந்தளம் கட்டிய நான்கு நீர்மூழ்கி எதிர்ப்புக் கொர்வெட்டுகளில், அதாவது சிறிய போர்க்கப்பல்களில், மூன்றாவது இது. கமோர்ட்டா, கட்மத், கில்தான், கவரத்தி எல்லாமே தீவுகளின் பெயர்கள். முதலாவது நிகோபாரில் இருக்கிறது, மற்ற மூன்றும் லட்சத்தீவில். 2017 அக்டோபர் 16 அன்று விசாகப்பட்டினத்தில் கில்தான் படையில் சேர்ந்தது. இதே பெயரில் முன்பு இருந்த பழைய கில்தான், 1971இல் கராச்சித் தாக்குதலுக்குப் போன கப்பல்களில் ஒன்று.

அளவு 1:100. நிஜக் கப்பலின் நீளம் சுமார் 109 மீட்டர், அகலம் 14 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் மாதிரி 109 செ.மீ. நீளம், 13.7 செ.மீ. அகலம். எடைக் கணக்கு வேறு மாதிரி. நீளம் நூறில் ஒன்று என்றால் எடை பத்து லட்சத்தில் ஒன்று. நிஜக் கப்பல் 3,300 முதல் 3,500 டன் என்கிறார்கள், ஆக என் கப்பல் 3.4 கிலோவுக்குள் நிற்க வேண்டும். மோட்டார், பேட்டரி, ரிமோட் ரிசீவர், உடற்பகுதி எல்லாம் சேர்த்து 3.4 கிலோ. முதல் மாதம் முழுக்கச் சமையலறைத் தராசோடுதான் வேலை.

உடற்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3 மி.மீ. பிளைவுட்டில் 21 சட்டங்கள், மேலே பால்சா பட்டைகள், அதன் மேல் இரண்டு அடுக்கு ஃபைபர் மேட்டும் ரெசினும். பக்கச் சுவர்கள் நேராக இல்லாமல் சரிவாக இருப்பது, வரும் ராடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பாமல் இருக்க. அந்தச் சரிவைப் பட்டையில் கொண்டுவர மூன்று வாரம் பிடித்தது. கப்பலின் முன்முனையான அணியத்துக்கு அடியில் சோனார் குமிழைத் தனியாகச் செய்து ஒட்டினேன். நிஜத்தில் அங்கே இருப்பது ஹம்சா வகை சோனார், கொச்சியில் இருக்கும் கடற்படை இயற்பியல் ஆய்வகத்தின் உருவாக்கம். பீரங்கி, ராக்கெட் ஏவிகள், டார்பிடோக் குழாய்கள் எல்லாவற்றையும் கடைசியில் ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன்.

மேற்கட்டு, அதாவது மேல்தளத்துக்கு மேலே எழும் கட்டுமானம், அப்படி முடியவில்லை. முதலில் அதையும் பிளைவுட்டிலேயே செய்தேன். 610 கிராம் வந்தது. குளத்தில் இறக்கி விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால், சாய்ந்து நின்று யோசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. ஒரு முழு ஆட்டத்துக்கு 2 விநாடி. நூறில் ஒன்று அளவில் நேரம் பத்தில் ஒன்றாக (நூறின் வர்க்கமூலம்) சுருங்கும், ஆக அது நிஜக் கப்பலில் 20 விநாடி. இவ்வளவு சோம்பலாக நிமிரும் கப்பல், திரும்பும்போது ஓர் அலை வந்தால் கவிழ்ந்துவிடலாம். எடை மேலே ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கட்டியவர்களும் இதே இடத்தில் யோசித்திருக்கிறார்கள். கமோர்ட்டாவிலும் கட்மத்திலும் மேற்கட்டு இரும்பு. கில்தானில் அதைக் கார்பன் ஃபைபர் கலவைக்கு மாற்றினார்கள்; இந்தியாவின் பெரிய போர்க்கப்பல்களில் இப்படிச் செய்தது இதுதான் முதல். மேலே எடை குறையும், ராடாரில் குறைவாகத் தெரியும், துருப்பிடிக்காததால் பராமரிப்பும் குறையும். நான் பிளைவுட்டைக் கழற்றிப்போட்டு, 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் உள்ளே விலா வைத்து மறுபடி கட்டினேன். எடை 270 கிராமுக்கு இறங்கியது, ஆட்டம் 1.1 விநாடிக்கு வந்தது. இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்காக மிகவும் சந்தோஷப்பட்ட நாள் அது.

அப்புறம்தான் காது.

பஸ்ஸருக்குள் இருக்கும் 27 மி.மீ. பீசோ தகட்டை (அதிர்வை மின்சாரமாக்கும் தகடு) கழற்றி, கவச ஒயர் வைத்துப் பற்றவைத்து, எபாக்ஸியில் மூழ்கடித்துக் குமிழுக்குள் வைத்தேன். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், பதிவு செய்ய லேப்டாப், அலைவரிசையைப் பிரித்துப் பார்க்க ஆடாசிட்டி என்ற மென்பொருள். சோதனைக் களம் ஒரு நண்பரின் தோட்டத்துப் பம்புசெட் தொட்டி, 12 அடி நீளம். கப்பலை ஒரு முனையில் கயிற்றால் கட்டிவிட்டு, மறுமுனையில் ஒரு பொம்மை மோட்டாரை நீர் புகாத டப்பாவுக்குள் ஓடவிட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். அதுதான் என் நீர்மூழ்கி. கப்பலின் மோட்டார்கள் எந்த வேகம் வரை ஓடும்போது அந்த டப்பாவின் ஒலி கேட்கிறது? கேள்வி அவ்வளவுதான். முழு வேகத்தையும் கணக்கிட்டு வைத்தேன். நிஜக் கப்பலின் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.), வேகமும் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதால், மாதிரியில் விநாடிக்கு 1.3 மீட்டர். குளத்தில் ஓட்டிப் பார்த்ததில் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால் அது கிடைத்தது.

முதல் நாள் கேட்டது ஒரே உறுமல். மோட்டாரை நிறுத்தினால் டப்பா கேட்கும், ஓடவிட்டால் எந்த வேகத்திலும் கேட்காது. ஆடாசிட்டியில் பார்த்தால் 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் பெரிய கோடுகள். மோட்டாரை நிறுத்திய பிறகும் அவை அங்கேயே நின்றன. பம்புசெட்டுக்கு வரும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, பம்புசெட் மெயினை அணைத்ததும் போயிற்று. மிஞ்சிய கோடுகள்தான் கப்பலுடையவை. 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 40. அங்கே ஒரு கோடு. புரொப்பெல்லருக்கு மூன்று இதழ் என்பதால் 120இல் இன்னொன்று. எத்தனை இதழ், எத்தனை சுற்று என்று கேட்டே கண்டுபிடிக்கும் சோனார்க்காரர்கள் செய்வது இதைத்தான். என் கப்பல் தன் அடையாளத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது.

120 கோடு புரியும், இதழ்கள் நீரைத் தள்ளும் ஒலி. 40 அவ்வளவு உயரமாக இருக்கக் கூடாது. சுற்றுக்கு ஒரு முறை எதுவோ அடிக்கிறது. மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி லேத் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனேன். டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியவர், "தம்பி, ரெண்டுல ஒண்ணு வளைஞ்சிருக்கு, பாத்தீங்களா முள்ளு ஆடுறதை?" என்றார். 0.3 மி.மீ. ஆட்டம். வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும். 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியில் புதிதாக இரண்டு வெட்டிக் கொடுத்து, பித்தளைக் குழாய்க்கு இரண்டு முனையிலும் புஷ் கடைந்து போட்டார். குழாய் நிறைய கிரீஸ் அடைத்தேன். 40 கோடு 11 டெசிபல் இறங்கியது. 600 சுற்று வரை டப்பா கேட்டது.

அடுத்தது மோட்டார். உடற்பகுதியில் நேராகத் திருகியிருந்ததால் அதன் அதிர்வு முழுவதும் ஃபைபர் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போகிறது, சுவரே ஸ்பீக்கர் ஆகிவிடுகிறது. கில்தானில் 3,888 கிலோவாட் டீசல் எஞ்சின்கள் நான்கு. டீசல் இயல்பிலேயே சத்தக்காரன். அதனால் இந்த வகைக் கப்பல்களில் கியர்பாக்ஸை ராஃப்ட் எனும் மேடையில் ஏற்றி, மேடைக்கும் கப்பலுக்கும் நடுவே அதிர்வு தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். நானும் 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை 310 கிராமுக்கு வெட்டி, மோட்டார்களை அதன் மேல் ரப்பரில் நிறுத்தி, தகட்டை அடியில் இன்னொரு வரிசை ரப்பரில் உட்கார வைத்தேன். நடுவில் கனமான பொருள் இருந்தால், மேலே இருந்து வரும் வேகமான ஆட்டத்துக்கு அது அசைய மறுக்கும். கப்பலின் அடியில் எப்படியும் ஈயம் போட வேண்டியிருந்தது, அந்த எடையையே ராஃப்ட்டாக மாற்றிக்கொண்டதில் தராசுக்கும் தொந்தரவில்லை.

ரப்பர்தான் இழுத்தடித்தது. சைக்கிள் டியூப் மிகவும் விறைப்பு, ஒரு மாற்றமும் இல்லை. ஸ்பாஞ்ச் மிகவும் மெத்தென்று இருந்ததால் மோட்டார் முறுக்கில் சாய்ந்து ஷாஃப்ட்டை இழுத்தது. பழைய ஹவாய் செருப்பை 12 மி.மீ. சதுரங்களாக வெட்டி வைத்ததும் சரியாக அமைந்தது. ராஃப்ட் அசையும், ஷாஃப்ட் அசையாது. இரண்டையும் சேர்க்க பெட்ரோல் டியூப் துண்டில் ஒரு கப்ளிங். அது முதலில் வழுக்கியது, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி சுற்றி முறுக்கியதும் பிடித்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் இந்த மாதிரியால் காட்ட முடியாது. நிஜப் புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றும்போது இதழின் முதுகில் அழுத்தம் விழுந்து, குளிர்ந்த நீரே ஆவியாகிக் குமிழ் விடும். அந்தக் குமிழ்கள் உடையும் சரசரப்புதான் போர்க்கப்பலைக் காட்டிக்கொடுக்கும் பெரிய ஒலி. அதைத் தள்ளிப்போடத்தான் பெரிய இதழ்களும் மெதுவான சுழற்சியும். என் 35 மி.மீ. புரொப்பெல்லரின் நுனி விநாடிக்கு 4.4 மீட்டர் வேகம்தான் போகிறது, அந்த வேகத்தில் நீர் ஆவியாகாது. எனக்குக் கேட்ட சரசரப்பு, மேற்பரப்பிலிருந்து உறிஞ்சிய காற்று. பின்பக்கத்தில் 60 கிராம் ஈயம் சேர்த்துப் புரொப்பெல்லரை ஆழத்தில் இறக்கியதும் அது நின்றது. தொட்டி அளவீட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை தண்ணீரில் 37 மீட்டருக்கு மேல் நீளும், தொட்டியோ 12 அடி. அதனால் நான் எழுதும் டெசிபல்கள் எல்லாம் அதே இடத்தில், அதே நீர்மட்டத்தில், முன்னும் பின்னும் ஒப்பிட்டவை மட்டுமே.

போன ஞாயிறு ராஃப்ட்டோடு முதல் முழுச் சோதனை. 600 சுற்றில் டப்பா பக்கத்தில் வைத்தது போலக் கேட்டது. 1,000இல் தெளிவு. 1,300இல் என் கப்பலின் ஒலிக்கு அடியில் மெல்லிய ரீங்காரமாக நின்றது. நண்பரின் மகளிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்துவிட்டு டப்பாவை நான் அணைத்தும் போட்டும் பார்த்தேன், பத்துக்குப் பத்தும் சரியாகக் கை தூக்கினாள். 1,500இல் அவளுக்கும் பிடிபடவில்லை. 1,300 சுற்று என்பது விநாடிக்கு 0.7 மீட்டர், நிஜக் கப்பலின் கணக்கில் ஏறக்குறைய 14 நாட். ஏழு மாதம் முன்பு பூஜ்யம்.

இப்போது உயரமாக நிற்பது 65 ஹெர்ட்ஸ் கோடு, 1,300 சுற்றில் மூன்று இதழ்களின் ஒலி. ஐந்து இதழ் புரொப்பெல்லர் ஒரு ஜோடி, இடம் வலமாக, அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். பித்தளைக் கட்டை வாங்கிக் கொடுத்துவிட்டேன். இதழ்களை அவர் வெட்டித் தருவார், அரத்தால் தேய்த்து எடையைச் சமமாக்குவது என் வேலை.