ஷானன் ஸ்னேர் ஒருவழியா சிக்கிடுச்சு (மூணாவது வாரம்)

மூணு சனிக்கிழமை காலி. நேத்து ராத்திரி பதினொண்ணரைக்குத்தான் அந்த "டஃப்" வந்துச்சு, பாடகி ஷானனோட டான்ஸ் பாட்டு 'லெட் த மியூசிக் ப்ளே'ல அவங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே ஆள இழுத்துடுமே, அந்த ஸ்னேர் ட்ரம் அடி. அத அப்படியே வீட்ல கொண்டுவரத்தான் இவ்ளோ பாடு. பேட்டர்ன் முதல் நாளே போட்டாச்சு, 808 ட்ரம் மெஷினோட சாம்பிள் (பதிவு பண்ணி வச்ச சத்தம்) இல்லாதவங்க யாரு, அதப் பத்தி பேசல. உயிர எடுத்தது கேட்தான், அதாவது சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போனா அத மூடிடற கருவி.

கிக்குக்கும் (பேஸ் ட்ரம் அடி) ஸ்னேருக்கும் ரிவர்ப (எதிரொலி) அள்ளிக் கொட்டிட்டு, அதோட வால், அதான் டெயில், நீள விடாம கேட் வச்சு நறுக்கணும், அந்தப் பாட்டோட தயாரிப்பாளர் கிறிஸ் பார்போசா 1983ல பண்ணது அதான். நானும் ரிவர்புக்குப் பின்னாடி கேட் போட்டேன். த்ரெஷோல்ட (கேட் திறக்கற அளவு) ஏத்தினா சத்தமே செத்துடுது, எறக்கினா டெயில் அடங்கற எடத்துல கேட் மூடித் திறந்து மூடித் திறந்து படபடன்னு அடிச்சுக்குது. "என்னடா ராத்திரில தகரத்தத் தட்டிட்டிருக்க"ன்னு அம்மா பக்கத்து ரூம்லேர்ந்து. சரியாத்தான் சொன்னாங்க, தகரமேதான்.

கடைசில பாத்தா கேட் ரிவர்பையே கேட்டுத் திறந்துட்டிருக்கு! சைட்செயின்ல, அதாவது கேட் எதக் கேட்டுத் திறக்கணும்னு சொல்ற வழில, ரிவர்ப் இல்லாத ட்ரை ஸ்னேரக் குடுத்தேன், அவ்ளோதான், படபடப்பு நின்னுச்சு. பழகறதுக்காக டெம்போ 120, எய்த் நோட்டுக்கு (அரை பீட்) 250 மில்லிசெகண்ட், அதனால ஹோல்ட் (கேட் திறந்தே இருக்கற நேரம்) 180, ரிலீஸ் (மூட எடுத்துக்கற நேரம்) 30, அடுத்த அடி விழறதுக்குள்ள மூடிடுது. ரிலீஸ 5க்குக் கொண்டுபோனா க்ளிக்குன்னு ஒரு சத்தம் வருது, போகாதீங்க.

இதுக்கு "ஷானன் சவுண்ட்"னே பேராம். மெஷின் பக்கம் உக்காந்தது பார்போசா ஆளுங்க, பாடினது மட்டும்தான் அந்தம்மா. 'லெட் த மியூசிக் ப்ளே' 1984ல அமெரிக்க ஹாட் 100 பாட்டு வரிசைல 8வது எடம், அடுத்து 'கிவ் மீ டுநைட்' 46, 'டூ யூ வானா கெட் அவே' 49, ஆனா மூணுமே டான்ஸ் சார்ட்ல நம்பர் 1, கிளப்ல ஆடறவங்க விடவே இல்ல. அப்புறம் 1998ல ஜெர்மன் டான்ஸ் இசைக் குழு சாஷ் கூட சேந்து 'மூவ் மேனியா', பிரிட்டன்ல டாப் 10. 'லெட் த மியூசிக் ப்ளே' கோரஸ்ல வர்ற ஆம்பளக் குரல ஷானன் குரலோட பிட்ச எறக்கினதுன்னே ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், அது ஜிம்மி டனல்னு ஒருத்தர், ரெக்கார்ட்ல அவர் பேரே போடல. என்னமோ போங்க.

ஒப்பிட்டுக் கேக்க 12 இன்ச் ரெக்கார்ட் ஒண்ணு வரவழச்சேன், அப்பளம் மாதிரி வளஞ்சு வந்துருக்கு, விக்கிறவர் பதிலே போடல. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு மேல லிஃப்கோ அகராதி ஏத்தி வச்சிருக்கேன்.

303ங்கற மெஷின்ல வர்ற பேஸ இன்னும் தொடல, செகண்ட் ஹேண்ட்ல அதோட க்ளோன் (நகல் மெஷின்) ஒண்ணு கண்ணு வச்சிருக்கேன், ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கற அந்த ஸ்லைட் சாம்பிள்ல வராது. அதுக்கு முன்னாடி கிக் இருக்கு. ஸ்னேருக்கு வச்ச அதே கேட்ட கிக்குல போட்டா தண்ணில ஊறின மூட்டைய தரையில போட்ட மாதிரி "தொப்"புங்குது.