ஆட்டிசம் மதிப்பீடு: அறையும் அறிக்கையும்

ஆட்டிசத்துக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டுப் போகும் குடும்பங்கள் இந்தியாவில் பல ஆண்டுகளாகச் சந்திக்கும் கருவி, ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். முதல் கேள்வியே கண்ணைப் பார்ப்பதைப் பற்றியது.

பெரியவர்களை முறைத்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. தெரபியில் "என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று பழக்கப்பட்டு, பேசுபவரின் மூக்குநுனியைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. இரண்டு இடத்திலும் மதிப்பெண் ஏமாற்றும். "பார்க்கும்போது உனக்கு என்ன ஆகுது?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

நரம்பியல் பன்மையை, அதாவது மூளைகள் பலவிதமாக இயங்குவது இயல்பு என்பதை, மதிக்கும் மதிப்பீடு என்றால் அளவுகோலைத் தளர்த்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு கேட்பதை அப்படியே கேட்கலாம்: சமூகத் தொடர்பில் மூன்று அம்சங்களும் இருக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தல், புலன் உணர்வு முதலிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். முன்பு இருந்து இப்போது மறைந்ததையும் கணக்கில் கொள்ளலாம், கற்றுக்கொண்ட உத்திகள் அறிகுறிகளை மூடிவிடலாம் என்று அந்த நூலே சொல்கிறது. அளவுகோலில் இடம் இருக்கிறது. கேள்வி கேட்பவர்தான் அந்த இடத்தைப் பயன்படுத்துவதில்லை.

மதிப்பீடு செய்பவரின் வேலை முந்தின வாரமே தொடங்குகிறது. கட்டடம், அறை, மதிப்பீடு செய்யப்போகும் ஆள் மூன்றின் படத்தோடு குடும்பத்துக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள். எவ்வளவு நேரம், எந்த வரிசையில், எப்போது இடைவேளை என்று அதில் இருக்கட்டும். பெரியவர்களுக்குக் கேள்விகளையும் முன்கூட்டியே கொடுத்து, எழுத்தில் வரும் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் பெரும்பாலும் கெடுவது காத்திருப்பில்தான். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்த குழந்தை உள்ளே வரும்போது, சிமிட்டும் டியூப்லைட், ஃபினாயில் வாடை, கடகடக்கும் ஃபேன் எல்லாம் சேர்ந்து அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அறிக்கையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஏறும். அது களைப்பின் அளவே தவிர ஆட்டிசத்தின் அளவு இல்லை. முதல் டோக்கன் கொடுங்கள். முடியாவிட்டால் வெளியே மரத்தடியில் இருக்கச் சொல்லி, முறை வரும்போது போனில் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு வந்தான், தூங்கினானா, சாப்பிட்டானா என்பதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

அறைக்குள் முதல் 20 நிமிடம் எதுவும் செய்யச் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்து அவன் கொண்டுவந்த பொருளோடு, அது பஸ் ரூட் நம்பர் எழுதிய நோட்டாக இருந்தாலும், பக்கத்தில் உட்காருங்கள். விளையாட்டும் பேச்சுமாக ஆட்டிசத்தைக் கவனித்து மதிப்பிடும் ஏடாஸ்-2 கருவியில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. கேக் வெட்டிப் பார்த்திராத பிள்ளைக்கு அது புதிர். அதற்காகக் கருவியின் பொருட்களை மாற்றிவிட்டு அதே மதிப்பெண்ணைப் போடக் கூடாது. கருவியை உள்ளபடி முடித்துவிட்டு, சொப்புச் சாமான் வைத்து விளையாடியதைத் தனிக் குறிப்பாகச் சேருங்கள்.

மொழியில் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் பேச்சுத்தமிழ், கார்ட்டூனில் எழுத்துத்தமிழ், யூடியூபில் ஆங்கிலம். கேட்ட வசனத்தையே திரும்பச் சொல்லும் எக்கோலேலியாவை 'பொருளற்ற பேச்சு' என்று தள்ளிவிடுவது பெரிய இழப்பு. அந்த வசனம் எந்த வீடியோவில் வருகிறது, முதலில் சொன்னபோது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அம்மாவைக் கேளுங்கள். 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்பது அவனுக்கு 'எனக்கு முடியல' என்பதாக இருக்கலாம்.

வளர்ந்த பெண்களிடம் மாஸ்கிங்கை, அதாவது ஆட்டிச இயல்புகளை மறைத்து நடப்பதை, தேடிப் பார்க்க வேண்டும். இதை அளக்க 2018-இல் வந்த கேட்-கியூ வினாப்பட்டியலில் 25 கேள்விகள். அதை வைத்து ஆட்டிசத்தை உறுதிசெய்ய முடியாது, எவ்வளவு மறைக்கிறார் என்றுதான் காட்டும். "கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்ன பேசறதுன்னு ஒத்திகை பார்ப்பீங்களா? மறுநாள் எப்படி இருப்பீங்க?" என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் பல சமயம் அதைவிட நீளம்.

பேச்சு தடுமாறினால் அதை மதிப்பீட்டுக்கு வந்தவர் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். புரியாமை இரு பக்கமும் உள்ளது என்று ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இலேயே எழுதினார். 2020-இல் வெளியான ஆய்வொன்றில் எட்டு எட்டுப் பேராக வரிசையில் நிறுத்தி ஒரு கதையைக் கடத்தச் செய்தார்கள்: ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் இல்லாதவர்கள் வரிசையிலும் கதை ஒரே அளவில் போய்ச் சேர்ந்தது, கலந்த வரிசையில்தான் அதிகம் தேய்ந்தது.

அறிக்கையில் 'கண் தொடர்புக் குறைபாடு' என்பதற்குப் பதிலாக, 'ஜன்னலைப் பார்த்தபடி பேசினான். பார்க்கச் சொன்னதும் பேச்சு நின்றது' என்று எழுதுங்கள். ஆனால் மென்மையாக எழுதுகிறேன் என்று உதவித் தேவையை மூடிவிடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத மாற்றுத்திறன் சான்று வேண்டும். தேவையை மறைத்தால் நஷ்டம் குடும்பத்துக்கு. சான்றிதழுக்கான பக்கத்தைத் தனியாக வையுங்கள். 'ஹை ஃபங்ஷனிங்' (நன்றாகச் செயல்படுபவர்) என்ற சொல்லை விட்டுவிட்டு, பஸ்ஸில் என்ன உதவி, தேர்வு அறையில் என்ன, பல் வலித்தால் யார் கவனிக்க வேண்டும் என்று இடம் இடமாகப் பிரியுங்கள்.

வரைவை அந்த நபரிடம் முதலில் கொடுங்கள். அவர் தவறு என்று சொல்லும் வரியை நீங்கள் மாற்ற முடியாவிட்டால், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே அதன் கீழே எழுதுங்கள்.