கேரவன் ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? ஃபேனை மாற்றும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிற்கும் கேரவன்களில் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால், "கேஸ் போயிடுச்சு" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். கேஸுக்கும் கம்ப்ரஸருக்கும் போகும் முன், பின்னால் இருக்கும் அந்தச் சின்ன 12 வோல்ட் ஃபேனைப் பாருங்கள். அது நின்றுபோனாலே கண்டன்சரின் (சூட்டை வெளியே விடும், துடுப்பு வைத்த குழாய்த் தொகுதி) சூடு வெளியேறாது, உள்ளே குளிர் ஏறாது. கடற்கரையோர வண்டிகளில் பல நேரம் ஃபேன் நன்றாகவே இருக்கும். அதற்குப் போகும் கனெக்ஷனைத்தான் உப்புக்காற்று தின்றிருக்கும்.

கம்ப்ரஸர் ஓடும்போது பின்பக்கம் திறந்து பாருங்கள். கம்ப்ரஸர் ஓடுகிறது, கண்டன்சர் கொதிக்கிறது, ஃபேன் மட்டும் நிற்கிறதா? மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஃபேனைக் கழற்றாமல், அதன் இரண்டு வயர்களுக்கு நடுவே அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டர் கரண்டே இழுக்காது என்பதால், களிம்பு பிடித்த கனெக்டரும் 12 வோல்ட் காட்டும். ஃபேன் மாட்டியிருந்து 0.3 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அது 7, 8 என்று சரியும். மாட்டிய நிலையிலேயே 12 வோல்ட் முழுசாக வந்து ஃபேன் சுற்றவில்லை என்றால், சந்தேகமே வேண்டாம், ஃபேன் போய்விட்டது.

வோல்டேஜ் சரிந்தால் எங்கே சரிகிறது என்று தேடுங்கள். மீட்டரின் ஒரு முனையைச் சப்ளை பிளஸிலும் மறு முனையை ஃபேன் பிளஸிலும் வையுங்கள். 0.3 வோல்டுக்குள் காட்டினால் அந்த வயர் நல்லது. 2, 3 காட்டினால் குற்றவாளி அந்த வழியில்தான். மைனஸ் பக்கமும் இதேபோல. மைனஸை வண்டி பாடியில் எர்த் கொடுத்திருந்தால் முதலில் அந்த போல்ட்டைப் பாருங்கள், பல நேரம் வாஷருக்கு அடியில் துருதான் இருக்கும். டெர்மினலை உரித்தால் செம்பு பச்சையாகக் களிம்பேறி, இன்சுலேஷனுக்குள்ளேயும் கறுத்துப்போயிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள். முடிந்தால் வெள்ளீயம் பூசிய (டின்ட் காப்பர்) வயர் போட்டு, புது டெர்மினலை கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) ஏற்றுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றுவது இந்தக் காற்றுக்குத் தாங்காது.

டான்ஃபாஸ் (இப்போது செகோப்) பிடி35, பிடி50 கம்ப்ரஸர் உள்ள ஃப்ரிட்ஜ்களில், கம்ப்ரஸரை இயக்கும் எலக்ட்ரானிக் யூனிட்டின் பிளஸுக்கும் 'F' என்று குறித்த எஃப் முனைக்கும் நடுவே ஃபேன் இருக்கும். யூனிட்டில் எல்இடி மாட்டியிருந்தால் வேலை எளிது. அது ஒரு முறை மின்னினால் பேட்டரி வோல்டேஜ் பிரச்சினை, இரண்டு முறை என்றால் ஃபேன் அதிகக் கரண்ட் இழுக்கிறது, ஐந்து முறை என்றால் யூனிட்டே சூடேறி நிற்கிறது. இரண்டு முறை மின்னினால், இறுகிப்போன பேரிங்கையும் ஷார்ட்டான வயரையும் பாருங்கள். எஃப் முனை தொடர்ந்து தரக்கூடியது 0.5 ஆம்பியர்தான், அதனால் பெரிய ஃபேன் போட்டு ஆசைப்பட வேண்டாம்.

பஸ் சேஸிஸில் கட்டிய கேரவன் என்றால் வண்டி பெரும்பாலும் 24 வோல்டாக இருக்கும். அதைப் பார்த்து 24 வோல்ட் ஃபேன் மாட்டினால் மெல்லச் சுற்றும், காற்றே வராது. எஃப் முனை எப்போதும் 12 வோல்டுக்குத்தான் கட்டுப்படுத்தித் தருகிறது. எனவே 24 வோல்ட் வண்டியிலும் அங்கே 12 வோல்ட் ஃபேன்தான் போட வேண்டும்.

புது ஃபேனை ரிச்சி தெருவில் வாங்கும்போது பால் பேரிங் என்று கேட்டு வாங்குங்கள், ஐபி55 (தூசும் தண்ணீரும் தாங்கும் தரம்) கிடைத்தால் விடாதீர்கள். ஸ்லீவ் பேரிங் இந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்து கத்தும். பழையதைக் கழற்றும் முன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமில் அம்புக்குறி இல்லையென்றால், ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பிகளும் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும்.

எண்ணூர் பக்கத்துத் தூசு ஈரத்தோடு சேர்ந்து கண்டன்சர் துடுப்புகளில் அப்பிக்கொள்ளும். மென்மையான பிரஷால் துடுப்பு போகும் திசையிலேயே தேய்த்து, வேக்குவமால் இழுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் துடுப்பு மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

கம்ப்ரஸரே இல்லாத, கேஸ் சிலிண்டரிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்றால் கதை வேறு. முதலில் சிலிண்டரை மூடுங்கள். அதில் மேல் வென்ட் பக்கம் உள்ள ஃபேனை, துடுப்பில் ஒட்டிய தெர்மோஸ்டாட் சுவிட்ச் சுமார் 55 டிகிரியில் ஆன் செய்யும். துடுப்பு நன்றாகச் சூடேறியிருந்தும் ஃபேன் ஓடவில்லை என்றால், சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. ஃபேன் காற்றை மேல்நோக்கித் தள்ள வேண்டும், ஏனென்றால் சூடு தானாகப் போகும் வழியும் அதுதான். அம்மோனியா நெடியோ, குழாய் ஓரம் மஞ்சள் படிவோ தெரிந்தால் கூலிங் யூனிட்டே ஒழுகுகிறது. ஃப்ரிட்ஜை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அதற்கு ஃபேன் மருந்தல்ல, யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும்.