சவுக்கு நட்டுக் காப்பாற்றிய கண்டல் காடு: கென்யாவின் காஸி விரிகுடா

மொம்பாசாவின் பழைய நகரத்தில் ஏதாவது ஒரு பழைய வீட்டுக்குள் போக வாய்த்தால் முதலில் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். பவளக்கல் சுவர்களின் மேல் நெருக்கமாக அடுக்கிய கட்டைகள்தான் மாடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அத்தனையும் கடலோரச் சேற்றில், உப்பு நீரில் வளரும் கண்டல் மரம். அறைகள் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். போரிட்டி என்று பெயர் பெற்ற இந்தக் கட்டைகள் பல நூற்றாண்டுகளாகப் பாய்க்கப்பல் ஏறி அரேபியக் கரைகளுக்குப் போயின. 1982ல்தான் கென்ய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கண்டல் காடு என்பது படகில் ஏறிச் சுற்றிப் பார்க்கிற இடம் மட்டும் இல்லை. வீட்டின் கூரை, அடுப்பின் விறகு, மீன், நண்டு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அப்படிப்பட்டவர்களிடம் போய் 'வெட்டாதே' என்று சொல்வது எளிது. வெட்டாமல் எதை வைத்து வாழ்வது என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்தப் பதிலைத் தேடிய ஒரு ஊர் மொம்பாசாவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. பெயர் காஸி.

மொம்பாசா ஒரு தீவு. தெற்கே போகப் பெரும்பாலோர் லிக்கோனியில் ஃபெரி ஏறுகிறார்கள். நடந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காலையில் பெருங்கூட்டம். அக்கரையில் மட்டாட்டு எனப்படும் வேன்கள் நிற்கும். உகுண்டா வரை ஒன்று, அங்கிருந்து ம்சம்ப்வேனி பக்கம் போகிற இன்னொன்று. டியானி கடற்கரையின் விடுதிகள் இடதுபுறம் மறைந்ததும் தென்னையும் மாவும் முந்திரியும் தொடங்கிவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பஸ்ஸில் போவது போலவே இருந்தது. காஸிக்குத் திரும்பும் இடத்தில் சொல்லி இறங்கிக்கொண்டு, மண் சாலையில் கடலை நோக்கி நடக்கலாம்.

ஊருக்குள் நுழைந்ததும் என்னை ஈர்த்தவை சவுக்கு மரங்கள். நான் கடலூர்ப் பக்கத்துக்காரன். சவுக்குத் தோப்பு இல்லாத கடற்கரையை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. அது இங்கே ஏன் நிற்கிறது என்பதில்தான் இந்த ஊரின் கதையே இருக்கிறது.

1970களில் காஸியின் கண்டல் மரங்கள் ஆலைகளின் விறகுக்காகப் பெருமளவில் வெட்டப்பட்டன. வீடு கட்டக் கழி வெட்டியது தனி. வெட்டிய இடங்களில் காடு தானாகத் திரும்பி வரவில்லை. 1991ல் ஜேம்ஸ் கைரோ என்ற கென்ய ஆய்வாளர் இங்கே மரம் நடத் தொடங்கினார். இன்று அவர் கண்டல் ஆய்வில் உலகம் அறிந்த பெயர். கென்யக் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் நிலையம் ஒன்று இன்றும் காஸியில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களும் வந்து போகிறார்கள். அப்படி வந்தவர்களில் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹக்ஸம் முக்கியமானவர். ஆய்வுக் கட்டுரை எழுதியதோடு இந்தக் கூட்டாளிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. 2013ல் 'மிக்கோக்கோ பமோஜா' என்ற திட்டம் பிறந்தது. கண்டல் காட்டைக் காத்து, அந்தக் காடு பிடித்துவைக்கும் கார்பனை விற்று, வரும் பணத்தை ஊருக்கே கொடுக்கும் சமூகத் திட்டங்களில் உலகிலேயே முன்னோடி இதுதான். 2017ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது.

காட்டுக்குள் போக மரப்பலகை நடைபாதை இருக்கிறது. அதை நடத்துவது ஊர்ப் பெண்களின் குழு. நுழைவுக் கட்டணம் அவர்களுக்கே. எனக்குத் துணையாக வந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக் காட்டித்தான் பேசுவார். வளைந்த தாங்கு வேர்களோடு நிற்கும் ம்கோக்கோ. நம் பிச்சாவரத்திலும் சுரபுன்னை என்று நிற்கிற அதே மரம். சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர் நீட்டும் ம்ச்சு, நமக்கு வெண்கண்டல். கடலை ஒட்டி முதல் வரிசையில் அலையை வாங்கிக்கொண்டு நிற்பது ம்லிலானா. ஒரே கடலின் இரண்டு கரைகளில் ஒரே மரங்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் தண்ணீர் வேறு. பிச்சாவரத்தில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்குவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாட்களில் கிட்டத்தட்ட 4 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. காலையில் பலகைக்குக் கீழே மீன் ஓடிய இடத்தில் மதியம் நண்டு வளைகள்தான் இருந்தன. இந்த வேறுபாடு மரம் நடுவதையும் மாற்றிவிடுகிறது. பிச்சாவரத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட பகுதிகளில் மண் காய்ந்து அமுங்கித் தாழ்ந்துபோனது. உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி உப்பு ஏறியது. எத்தனை கன்று நட்டாலும் பயனில்லாத நிலை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகுதான் காடு திரும்பியது. காஸியில் சிக்கல் நேர்மாறு. கடலோர முதல் வரிசையை வெட்டிய இடத்தில் அலை நேராக மோதி மணலைப் புரட்டுகிறது. ஊன்றிய கன்று வேர் பிடிக்கும் முன்பே போய்விடுகிறது. 'இந்த இடத்தில் நட்டு நட்டுப் பார்க்கிறோம், விடமாட்டோம்' என்றார் அக்கா. கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிற விழாக்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். எங்கே நடுகிறோம், தண்ணீர் எப்படி வந்து போகிறது என்று பார்க்காமல் நடுவது கன்றைக் கொல்வது.

சரி, கார்பனை எப்படி விற்பது? மரம் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் இலையாகவும் வேராகவும் சேற்றுக்குள் போகிறது. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் மக்குவது மிக மெதுவாக நடக்கிறது, கார்பன் அங்கேயே தங்கிவிடுகிறது. கண்டல் காட்டில் மரத்தைவிட மண்ணில்தான் இருப்பு அதிகம். காட்டை வெட்டி மண்ணைக் கிளறினால் காலங்காலமாகச் சேர்ந்தது காற்றுக்குத் திரும்பும். காஸி விரிகுடாவில் கண்டல் காடு சுமார் 600 ஹெக்டேர் இருக்கும். திட்டத்துக்குள் வருவது அதில் 117 ஹெக்டேர் மட்டும். காட்டுக்குள் குறித்துவைத்த அளவுக் கட்டங்களில் ஊர்க்காரர்களே நாடா பிடித்து அடிமரச் சுற்றை அளக்கிறார்கள். பிளான் விவோ என்ற தர அமைப்பு சரிபார்த்துச் சான்று தருகிறது. தங்கள் புகைக்கு ஈடாக அந்தச் சான்றை வாங்க நினைப்பவர்களுக்கு விற்பதை ஸ்காட்லாந்தில் பதிவான ஒரு தொண்டு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கார்பன் டை ஆக்சைடு கணக்கு. தொடக்க ஆண்டுகளில் வந்த வருமானம் ஆண்டுக்கு 12,000 டாலரை ஒட்டி.

இந்த 3,000 டன் என்ற எண்ணை நான் நேராகவே பார்க்க விரும்புகிறேன். சென்னையிலிருந்து விமானத்தில் லண்டன் போய் வருகிற ஒருவர் பங்கில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அப்படியானால் காஸி ஒரு வருடம் முழுக்கக் காத்து விற்பது பத்துப் பெரிய விமானங்களில் போய்வந்தவர்களின் புகையைக்கூட ஈடுகட்டாது. காசு கொடுத்துவிட்டோம் என்று எங்கோ ஒரு நிறுவனம் புகையைக் குறைக்காமல் இருந்தால் அது தவறு. காஸிக்காரர்கள் செய்யாத குற்றத்துக்கு அவர்கள் காடு சாக்காகக் கூடாது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதே நேரம் அந்த 12,000 டாலர் ஊருக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால் என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இவ்வளவு சிறிய தொகையில் இது நடக்குமென்றால் மற்ற ஊர்களுக்கு ஏன் இன்னும் நடக்கவில்லை?

காஸி, பக்கத்து ஊர் மக்கோங்கேனி இரண்டுக்கும் தண்ணீர்க் குழாய் வந்திருக்கிறது. பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள், கட்டடங்களைச் சீர்செய்திருக்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது என்பது பராசா எனும் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாகிறது. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம் காட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் குழாயைக் காட்டி, 'இது காட்டுப் பணம்' என்றார். அதற்கு மேல் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும் நடை மிச்சமானவருக்குக் காடு ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் குழாயில் தண்ணீர் வந்தாலும் அடுப்பு எரிய வேண்டுமே. வீட்டுக்குக் கழி வேண்டுமே. இங்கேதான் சவுக்கு வருகிறது. கண்டலில் கை வைக்காமல் இருக்க, விறகுக்கும் கழிக்கும் சவுக்கை நட்டார்கள். வேகமாக வளரும், கடற்காற்றைத் தாங்கும், மணலிலும் பிழைக்கும். விழுப்புரம், கடலூர் விவசாயிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் உயிர் கார்பன் சான்றிதழில் இல்லை, இந்தத் தோப்பில்தான் இருக்கிறது. காவலாளி போட்டு, அபராதம் விதித்து, விறகுக்கட்டைப் பிடுங்கிக் காத்த காடுகளை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். அங்கே காடும் முழுதாக மிஞ்சவில்லை, வனத்துறைக்கும் மக்களுக்கும் நடுவே பகைதான் மிஞ்சியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கென்யாவின் கண்டல் காடுகள் 1932லிருந்து அரசுக் காடுகள். ஊருக்கு அதில் உரிமை எதுவும் இல்லாமல்தான் இருந்தது. 2005ல் வந்த வனச் சட்டம்தான் சமூக வனச் சங்கங்கள் அரசோடு சேர்ந்து காட்டை மேலாண்மை செய்ய வழி திறந்தது. அந்த வழி இல்லாவிட்டால் ஸ்காட்லாந்திலிருந்து வரும் பணத்தைப் பெறுவதற்கே ஊருக்குத் தகுதி இருந்திருக்காது. வெளிநாட்டு உதவி என்று நாம் பெருமையாகப் பேசும் பல கதைகளில் இந்தச் சட்ட வேலைதான் சொல்லாமல் விடப்படுகிறது.

மதியச் சாப்பாடு பெண்கள் குழுவிடமே. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த மீன், புளிப்பாக ஒரு குழம்பு. சாப்பிடும்போது தெற்கே வாங்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தேன். தான்சானியா எல்லையை ஒட்டிய வாங்கா, ஜிம்போ, கிவேகு ஊர்கள் சேர்ந்து இதே வழியில் 460 ஹெக்டேர் கண்டல் காட்டை எடுத்து நடத்துகின்றன. காஸியின் திட்டப் பரப்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. காஸியில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் தொடங்கினோம் என்றான். அங்கே எல்லை தாண்டி வந்து மரம் வெட்டுவதுதான் பெரிய தலைவலியாம். காடு இரண்டு நாட்டிலும் தொடர்கிறது, காவல் ஒரு பக்கம் மட்டும் போதாது என்றான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மொம்பாசாவில் கிளம்பும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் ஏறும் நேரத்தில் காடு ஒரு விதம், வற்றிய நேரத்தில் இன்னொரு விதம். முடிந்தால் இரண்டையும் பார்க்கும்படி காலையிலேயே போய்விடுங்கள். சேற்றில் இறங்குவதானால் செருப்பு நிற்காது, கட்டுகிற பழைய ஷூ வேண்டும். ஊர் பெரும்பாலும் முஸ்லிம் ஊர், உடை அதற்கேற்ப இருக்கட்டும். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். சாப்பாடு வேண்டுமென்றால் காட்டுக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள், சொன்ன பிறகுதான் மீன் வாங்கிச் சமைப்பார்கள். டியானி விடுதிகள் வழியாகவும் ஏற்பாடு செய்யலாம், ஆனால் நேராகப் போய்ப் பெண்கள் குழுவிடம் பணம் கட்டினால் முழுத்தொகையும் அவர்கள் கைக்கே போகும்.