பம்ப் சுழன்றது, நீர் ஓடவில்லை

நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் குறை சொல்ல இடம் வைக்காமல் உழைத்து வந்த என் கணினி, அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய ஒரு காணொளி ரெண்டர் வேலையை (தொகுத்த காணொளியை முழுக் கோப்பாக்குவதை) ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்தபோதுதான் ஏதோ கோளாறு என்று உறைத்தது. எந்த வேலையும் தராமல் சும்மா விட்டிருந்தபோதே கணினியின் மையச் செயலியான சிபியுவின் வெப்பநிலை 68 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. ரெண்டரைத் தொடங்கிய சில நொடிகளில் 90ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. என்னுடையது ரைசன் 9 5900எக்ஸ். அதன் உச்ச வரம்பு 90 டிகிரி. அதை எட்டியதும் சிபியு தன்னைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைக் குளிர்வித்தது ஒரு லிக்விட் கூலர்: சிபியுவின் மேல் பதிந்த செப்புத் தட்டு வாங்கும் வெப்பத்தை, பம்ப் சுற்றவிடும் நீர் குழாய் வழியே ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும்; அங்கே ஃபேன்கள் அதை வெளியேற்றும்.

வெப்பம் ஏறிய விதத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். ரேடியேட்டரில் தூசி அடைத்திருந்தாலோ அதன் ஃபேன் நின்றிருந்தாலோ, உள்ளே சுற்றும் நீர் மெல்ல மெல்லத்தான் சூடேறும். அதற்கேற்பச் சிபியுவின் வெப்பமும் பல நிமிடங்களில் படிப்படியாக உயரும். நொடிகளில் தாவுகிறதென்றால், குறை சிபியுவுக்கு மிக அருகில் இருக்கிறது: சிபியுவுக்கும் தட்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், தட்டு சரியாகப் பதியாமல் இருக்கலாம், அல்லது நீரோட்டம் நின்றிருக்கலாம். தூசியைத் துடைத்தேன், இரண்டு ஃபேன்களும் சுழல்வதைப் பார்த்தேன், மாற்றம் ஏதுமில்லை.

பம்ப்பைச் சந்தேகித்து, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தேன். அது நிமிடத்துக்கு 2,700 சுற்று என்று காட்டியதால் பம்ப் நலமாக இருக்கிறது என்று நம்பி, இரண்டு நாட்களை வீணாக்கினேன். அந்த எண் பம்ப்பின் சக்கரம் சுழல்வதை மட்டுமே கணக்கிடுகிறது; நீர் நகர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவை இரண்டு குழாய்களும்தான். நீர் ஒழுங்காகச் சுற்றும்போது ரேடியேட்டருக்குப் போகும் நீருக்கும் திரும்பி வரும் நீருக்கும் வெப்ப வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே இரண்டு குழாய்களும் கைக்கு ஏறத்தாழ ஒரே சூடாக இருக்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று பம்ப்பின் அருகே நன்றாகச் சுட்டது. மற்றொன்று அறையில் வைத்த பொருள்போல் குளிர்ந்திருந்தது. ரேடியேட்டரிலிருந்து வெளிவந்த காற்றிலும் வெதுவெதுப்பு இல்லை. 90 டிகிரியில் ஒரு சிபியு தவித்துக்கொண்டிருக்க, அதன் வெப்பத்தை வாங்க வேண்டிய ரேடியேட்டருக்கு எதுவுமே வந்து சேரவில்லை.

பலர் முதலில் பேஸ்ட்டைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். குழாயைத் தொட்டுப் பார்த்த பிறகே அதற்குப் போகும்படி கேட்டுக்கொள்வேன். ஏனெனில் என் சிபியு அமர்ந்திருக்கும் ஏஎம்4 வகைச் சாக்கெட்டில் கூலரைக் கழற்றுவது ஆபத்தில்லாத வேலையன்று. அங்கே 1,331 ஊசிகளும் சிபியுவின் அடியில்தான் இருக்கின்றன. பழைய பேஸ்ட் பசைபோல் பிடித்திருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிபியுவும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கி, அணைத்து மின்இணைப்பை எடுத்துவிட்டு, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபோது அது வழுக்கிக்கொண்டு தனியே வந்தது.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் அதைப் பிரித்துப் பார்த்தேன். (உத்தரவாதம் இருப்பவர்கள் பிரிக்காமல் நிறுவனத்துக்கே அனுப்பிவிடுவது நல்லது.) செப்புத் தட்டின் உட்புறத்தில் மயிரிழை இடைவெளியில் நிற்கும் நுண்ணிய வரிகளுக்குள் சாம்பல் பச்சை நிறத்தில் ஒரு கசடு அப்பியிருந்தது, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது களிம்புபோல் திரண்டு வந்தது. தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். ஒரே நீரில் இந்த இரண்டு உலோகங்களும் இருக்கும்போது அரிப்பைத் தடுப்பது நீரில் கலந்துள்ள வேதிப்பொருள்தான். அது வலுவிழக்க இழக்க இத்தகைய கசடு உருவாகி, நீர் நுழைய வேண்டிய வழியையே அடைத்துவிடுகிறது. நீரும் ஓரளவு குறைந்திருந்தது: குழாயின் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் ஆவி கசிந்து வெளியேறுவது இயல்பு.

மாற்றாக இன்னொரு லிக்விட் கூலரை வாங்க மனம் வரவில்லை. 5900எக்ஸ் வழக்கமான அமைப்பில் 142 வாட் வரைதான் இழுக்கும். நீரில்லாமல் காற்றாலேயே குளிர்விக்கும் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று அதைத் தாராளமாகச் சமாளிக்கும். அதில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டுமே, அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். கேபினட்டின் உள் அகலத்தையும் ரேமின் உயரத்தையும் அளந்த பின்பே வாங்கினேன். பொருத்தும்போது மதர்போர்டின் பின்புறத் தகட்டை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது, மேலே உள்ள திருகுகளைக் கழற்றியதும் அது கீழே விழுந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதை இட்டு, திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

இப்போது சும்மா இருக்கும்போது 43 டிகிரி, ரெண்டரின்போது 77. அதே காணொளி முப்பத்தொரு நிமிடத்தில் முடிந்தது. பழைய ரேடியேட்டரின் இரண்டு ஃபேன்களும் நல்ல நிலையில் இருந்ததால், அவற்றைக் கேபினட்டின் முன்புறத்தில் பொருத்திவிட்டேன்.