இணையம் இல்லாத மெஷினில் எக்ஸ் எழும்பாவிட்டால்

மூதூர்ப் பக்கம் இணைப்பே இல்லாத பழைய கணினியில் டெபியன் (லினக்ஸ் வகை ஒன்று) போட்டு, ஜன்னல்களையும் ஐகன்களையும் திரையில் காட்டும் எக்ஸ் எழும்பாமல் கறுப்புத் திரையில் கேர்சர் மட்டும் மின்னினால், உடனே திரும்ப இன்ஸ்டோல் பண்ண வேண்டாம். அரைநாள் வீண்.

முதலில் எக்ஸோர்க் லொக் பைலை (எக்ஸ் தன் வேலையைக் குறித்துவைக்கும் பைல்) திறவுங்கள். அடைப்புக்குறிக்குள் 'ஈஈ' (EE) என்றிருக்கும் வரிகள்தான் பிழை. 'நோ ஸ்கிரீன்ஸ் பவுண்ட்' (திரை எதுவும் கிடைக்கவில்லை) என்றதும் பலர் மொனிட்டரை மாற்றுவார்கள், பாவம். பெரும்பாலும் கோளாறு டிரைவரில், அல்லது பெர்ம்வெயரில் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்). ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டின் பெர்ம்வெயர் டெபியன் 12 முதல் இன்ஸ்டோலரோடேயே வருகிறது. 11 என்றால், திருகோணமலை டவுனில் நெட் உள்ள மெஷினில் அதே பதிப்புக்கான டெப் பைலை (டெபியன் மென்பொருள் பொதி) இறக்கி, பென்ட்ரைவில் கொண்டுபோய் டிபிகேஜி (dpkg) கட்டளையால் ஏற்றலாம்.

எக்ஸே இன்ஸ்டோல் ஆகியிருக்கவில்லையென்றால் டெப் பைல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்காதீர்கள். ஒன்று இன்னொன்றைக் கேட்டுக்கொண்டே போகும். டெபியனின் முதலாம் டிவிடியை ஆப்ட்-சிடிரொம் (apt-cdrom) கட்டளையால் சேர்த்து, சோர்சஸ் பட்டியலில் (பொதிகளை எங்கே தேடுவது என்ற பட்டியல்) இணைய வரிகளின் முன்னால் # போடுங்கள்; அந்த வரிகள் கணக்கில் எடுக்கப்படமாட்டா.

கணினியின் பெயரை மாற்றினீர்களா? ஹோஸ்ட்ஸ் பைலில் (கணினிப் பெயர்களும் முகவரிகளும் உள்ள பைல்) 127.0.1.1 வரியில் உள்ள பழைய பெயரையும் மாற்றுங்கள்.

பவர் போட்டதும் முதலில் வரும் பயோஸ் திரையே வராவிட்டால் லினக்ஸைக் குறைசொல்லிப் பயனில்லை. கடற்காற்றில் கிராபிக்ஸ் கார்டின் பொன்னிறப் பற்கள் மங்கியிருக்கலாம்; பவரைக் கழற்றி, அழிறப்பரால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள்.