மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் அடுப்படி வேலையும் அதன் கணக்கும்

6 செப்டம்பர் 2025, சனி

வீட்டு வேலையைத் தீபாவளிக்கு முன்னால் முடித்துக் கொடுங்கள் என்று எங்களைப் போன்ற கொன்ட்ராக்டர்களை ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள். இன்று ஒரு வீடு பார்த்தோம். பின்பக்கம் அடுப்படியை நீட்டி, கூரை போட்டு, டைல்ஸ் ஒட்டி, வயரிங் மாற்ற வேண்டும். அண்ணன் 28,000 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். வீட்டுக்கார ஐயா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, "வேலை முடியட்டும் தம்பி, மொத்தமாகத் தருகிறேன்" என்றார். பக்கத்து வீட்டில் ஒரு கொன்ட்ராக்டர் பாதிப் பணத்தை வாங்கி, சுவரை இடித்துப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லையாம். ஐயாவின் பயம் நியாயம்தான். ஆனால் ஆட்களுக்குச் சனிக்கிழமையானால் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே, ஹார்ட்வேர் கடையிலும் முப்பது நாளுக்கு மேல் கடன் நிற்காது.

9 செப்டம்பர்

பேசி முடித்தாயிற்று. முன்பணம் 10 விழுக்காடு, 2,800 வெள்ளி மட்டும். டைல்ஸுக்கும் கூரைத் தகட்டுக்கும் ஐயாவே கடையில் நேராகக் கட்டுவார், ரசீது அவர் பெயரில், அது மொத்தத்தில் கழியும். கூரை ஏறியதும் ஒரு பங்கு, டைல்ஸும் வயரிங்கும் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசி 5 விழுக்காட்டை, அதாவது 1,400 வெள்ளியை, அவரே பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல மழையில் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் தரட்டும். இப்படி இருந்தால் யார் பணமும் யாரிடமும் அதிகமாக மாட்டிக்கொள்ளாது.

24 செப்டம்பர்

வீட்டுக்கார அம்மா கூடுதலாக ஒரு ஜன்னல் கேட்டார். 650 வெள்ளி. வாட்ஸ்அப்பில் விலையை எழுதி, ஐயா "சரி" என்று போட்ட பிறகுதான் சுவரில் கை வைத்தோம். கடைசி நாள் சண்டை பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன வேலைகளில்தான் வெடிக்கிறது.

4 அக்டோபர், சனி

கூரை ஏறியது, அன்றைக்கே பணமும் வந்தது.

முன்பு முடித்துக் கொடுத்த வேறொரு வீட்டு வேலையில் இன்னும் 4,200 வெள்ளி வராமல் நிற்கிறது. கொன்ட்ராக்டர்களுக்குப் பணம் வாங்கித் தர 2012-இல் ஒரு சட்டம் வந்தது, சிப்பா (CIPAA) என்பார்கள். ஆனால் தனிநபர் ஒருவர் தான் குடியிருக்க மட்டுமே கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டு ஒப்பந்தத்துக்கு அது செல்லாது. எங்கள் வேலை எல்லாமே அப்படிப்பட்ட வீடுகள்தான்! பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வீட்டுக்காரர் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், நாங்கள் அங்கே போக முடியாது. எங்களுக்கு இருப்பது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு, வக்கீல் தேவையில்லை, உச்சவரம்பு 5,000 வெள்ளி. 4,200 அதற்குள் அடங்கும். திங்கட்கிழமை கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போய்ப் பதிகிறோம்.